மூன்றாவது முனை

ஒரு பெரிய காரியத்தை மனைவியிடம் கேட்காமலேயே செய்து முடித்துவிட வேண்டும் என்பது மைக்ரானின் பல வருஷத்துக் கனவு. கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் கேட்காமல் செய்தவை இரண்டே இரண்டு. ஒன்று தும்மல். இன்னொன்று குறட்டை. குறட்டைக்கும் போன வருஷத்திலிருந்து தடை உத்தரவு.

மைக்ரான் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷம் ஒரு பம்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். இரும்புத் தண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் கடைசல் உளியைக் கொடுத்து, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் சீவி எடுப்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்து தொங்கினால் சோறு இறங்காது. "கதவு கொஞ்சம் இறங்கியிருக்கு" என்று மனைவி சொன்னால், "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்பார்.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. அளப்பதுதான் இருவருக்கும் தொழில். அவர் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்து, மைக்ரான் கணக்கில் அளப்பார். அவள் ஆள் வாசலில் வரும்போதே கண்ணால் அளந்துவிடுவாள். டேப் எடுப்பதெல்லாம் வருகிறவர்களின் திருப்திக்கு.

தொழிற்சாலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பழைய இயந்திரங்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மைக்ரான் தன்னுடைய லேத்தைப் பார்த்தார். லேத் அவரைப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஜீவன். அதை எப்படி அனாதையாக விடுவது? மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த மூன்று நாளைக்குள் லாரி வந்தது, கிரேன் வந்தது, வீட்டை ஒட்டிய கார் ஷெட்டுக்குள் லேத் இறங்கியது. பேர்தான் கார் ஷெட். கார் வந்ததே இல்லை. தையலுக்குக் கேட்டு மனைவி அதன்மேல் கண் வைத்து மூன்று வருஷம் ஆகிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் திரும்பி வந்தாள். கையில் பையோடு ஷெட் வாசலிலேயே நின்றாள்.

"இது என்ன?"

"லேத்."

"அது தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"நிக்குது."

"எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"நிக்க வைக்கவா கொண்டாந்தேன்? ஓடும்."

"ஓடுறதா இருந்தா வந்த வழியே ஓடிடச் சொல்லுங்க."

மைக்ரான் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வசனத்தை எடுத்துவிட்டார். "இனிமே நான் யாருக்கும் கைகட்டி வேலை பாக்கப் போறதில்ல. பம்புக் கடைக்காரர் இருபது தண்டு கேட்டிருக்கார். முதல்ல ஒரு மாதிரி செஞ்சு காட்டணும். பிடிச்சா மாசாமாசம் வேலை. நானே முதலாளி, நானே தொழிலாளி."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து மோட்டாரைப் பார்த்தாள். "இதுல மூணு ஒயர் தொங்குதே?"

"த்ரீ ஃபேஸ் மோட்டார். மும்முனை மின்சாரம்."

"நம்ம வீட்டுக்கு வர்றது?"

மைக்ரான் கூரையைப் பார்த்தார். "சிங்கிள் ஃபேஸ்."

"ஒரு ஃபேஸ் இருக்குற வீட்ல மூணு ஃபேஸ் மெஷினைக் கொண்டாந்து இறக்கிட்டு, இப்ப உங்க ஃபேஸ் ஏன் இப்படிப் போகுது?"

"உனக்குப் புரியாது. சொல்றேன் கேளு. ஒரு ராட்டினம் இருக்குன்னு வை. மூணு பேர் சுத்தி நின்னு, ஒருத்தர் தள்ளி முடிச்சதும் அடுத்தவர், அவர் முடிச்சதும் அதுக்கு அடுத்தவர்னு தள்ளினா ராட்டினம் ஜம்முன்னு சுத்தும். அதான் மூணு முனை. ஒரே ஆளு ஒரே இடத்துல நின்னு முன்னாடி தள்ளி, பின்னாடி இழுத்து, முன்னாடி தள்ளி, பின்னாடி இழுத்தா?"

"சுத்தாது. அங்கேயே ஆடிக்கிட்டு இருக்கும்."

"அதான் ஒரு முனை."

"அப்ப போய் மின்சார ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மூணு முனை லைன் வாங்குங்க. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. உங்களால வேற என்ன பண்ண முடியும்?"

அவள் சொன்னதில் மற்ற எல்லாவற்றையும் மைக்ரான் மன்னித்திருப்பார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நேராகப் போய் நடு மண்டையில் ஆணியாக இறங்கியது. என்னாலா? இருபத்திரண்டு வருஷம் இரும்பை வெண்ணெயாகச் சீவிய என்னாலா?

"நான் ஆபீஸ் படி ஏறமாட்டேன். வெளியிலேர்ந்து ஒரு கம்பி இழுக்கமாட்டேன். இந்த மாசம் முடியுறதுக்குள்ள, இதே வீட்டுக் கரண்ட்ல, இதே லேத்தை ஓட்டிக் காட்டுறேன். ஓட்டினா ஷெட் எனக்கு. அதுக்கப்புறம் ஷெட்டுங்குற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது."

"ஓட்டலைன்னா?"

"ஷெட் உனக்கு. லேத் பழைய இரும்புக்கு."

"சரி," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அதோடு பையை எடுத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே போனாள். மைக்ரான் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறி இறங்கியவர். இப்போது சுவருக்கு மேலே கழுத்தை நீட்டுவதோடு சரி. விஷயத்தைக் கேட்டதும் கழுத்து இன்னும் ஒரு சாண் நீண்டது.

"தம்பி, வேண்டாம். கரண்ட் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி. மரியாதை குறைஞ்சா அடிச்சிடும்."

"மரியாதையாத்தான் அண்ணே கூப்பிடப் போறேன். ஆபீசுக்குப் போய்க் கைகட்டி நிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

ஆபீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் லைன்மேனுக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வயசாகிவிட்டது என்று மைக்ரான் நினைத்தார்.

முதல் முயற்சி கண்டென்சர் வைத்தியம். மோட்டார் டப்பாவைத் திறந்து, ஸ்டார் முறையில் கட்டியிருந்த இணைப்பை டெல்டா முறைக்கு மாற்றினார். அப்போதுதான் வீட்டு மின்சாரத்தின் குறைந்த அழுத்தத்துக்கு மோட்டார் ஒத்துவரும். டீ கொண்டுவந்த மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னார். "ஸ்டாரை மாத்திட்டேன்."

"இவ்வளவு நாளா ஸ்டார் யாரு, நீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

வீட்டிலிருந்து வந்த இரண்டு கம்பிகளை மோட்டாரின் இரண்டு முனைகளில் நேராகக் கொடுத்தார். மூன்றாவது முனைக்கு ஒரு கண்டென்சர் வழியாகக் கொடுத்தார். கண்டென்சருக்குள் நுழைந்து வரும் மின்சாரம் கொஞ்சம் தள்ளாடி, நேரம் பிசகி வரும். அதை மூன்றாவது ஆள் என்று மோட்டார் நம்பிவிடும் என்பது கணக்கு. சுவிட்சைப் போட்டார். மோட்டார் நம்பவில்லை. "ம்ம்ம்ம்" என்றது. கணவன் சொல்வதைக் கேட்கும் மனைவிமார் போடுகிற அதே "ம்ம்ம்". சொன்னதைக் கேட்டதாகவும் இருக்கும், ஒன்றும் நடக்காது.

கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். கிளம்பிவிட்டது! மைக்ரான் துள்ளிக் குதித்தார். தண்டை மாட்டினார். உளியை மெல்லக் கொடுத்தார். நூல் அளவு சீவியதுமே லேத் பெருமூச்சு விட்டு நின்றது. சும்மா சுற்றச் சொன்னால் சுற்றியது. வேலை செய்யச் சொன்னால் நின்றது.

"பலம் பத்தலை," என்று சொல்லிக்கொண்டு, இருக்கிற கண்டென்சரை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு பெரிதாக ஒன்றை மாட்டினார். அது எந்தப் பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வந்ததோ, அதற்கு என்ன கோபமோ. சுவிட்சைப் போட்டதும் "டமார்" என்றது. வீடு இருண்டது.

முன்னறையில் வங்கி மேனேஜரம்மா பாதி தைத்த கவுனில், இருபத்தேழு குண்டூசியோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் அப்படியே தெருவுக்கு ஓடினார். ஒரு கை மட்டும் வைத்த கவுன். தெருவே பார்த்தது. அவரைச் சமாதானப்படுத்தி, ஊசி குத்திய இடங்களுக்கு மருந்து போட்டு அனுப்பிவிட்டு மனைவி ஷெட்டுக்கு வந்தாள். புகை நடுவே மைக்ரான் நின்றார். புருவத்தில் பாதி இல்லை.

இன்றோடு பந்தயம் முடிந்தது என்று அவர் பயந்தார். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அடி கிடி ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப விட்டுடப் போறீங்களா? பரவாயில்ல, விட்டுடுங்க. உங்களால முடிஞ்சது இவ்வளவுதான்."

மறுபடியும் அதே வார்த்தை! மைக்ரானுக்குப் பாதிப் புருவம் துடித்தது. "யாரு விட்டது? இது வெள்ளோட்டம்."

அடுத்த நாளே பழைய இரும்புக் கடைக்குப் போய் இன்னொரு மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்தார். லேத் மோட்டாரைவிடப் பெரியது, அதுவும் மூன்று முனை. அதைப் பார்த்த மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"ஒரு மூணு முனை ஓடலைன்னு இன்னொரு மூணு முனையா? ஒரு மாமியாரைச் சமாளிக்க முடியலைன்னு இன்னொரு மாமியாரைக் கூட்டிட்டு வருவாங்களா?"

"இங்கதான் விஷயம். இந்த மோட்டார் எந்த வேலையும் செய்யாது. சும்மா சுத்தும். இதை ஒருதடவை கயிறு கட்டி இழுத்துச் சுழலவிட்டு, வீட்டுக் கரண்ட்டை ரெண்டு முனைக்குக் கொடுத்தா, அது சுத்துற வேகத்துல மூணாவது முனையில தானா கரண்ட் பிறக்கும். வீட்லேர்ந்து ரெண்டு, இதுலேர்ந்து ஒண்ணு. ஆக மூணு. அதை எடுத்து லேத்துக்குக் கொடுப்பேன்."

"அதாவது இது சும்மா சுத்திக்கிட்டு இருக்கும்."

"ஆமா."

"ஒரு வேலையும் செய்யாது."

"ஆமா."

"ஆனா இது இல்லைன்னா எதுவும் நடக்காதுன்னு பேரு."

"கரெக்ட்! நம்ம வீட்ல நான் இருக்கேன்ல, அந்த மாதிரி," என்றார் மைக்ரான் உற்சாகத்தில். சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய் முட்டுகிறது என்று தெரிந்தது. அவள் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டு வாரம் மைக்ரான் வேறு உலகத்தில் இருந்தார். சும்மா மோட்டாரைச் சிமெண்ட் மேடையில் அசையாமல் பூட்டினார். மூன்று முனைகளுக்கும் நடுவே சரியான அளவில் சின்னச் சின்னக் கண்டென்சர்களைக் கட்டி, மீட்டர் வைத்து அளந்து, மூன்றும் ஒரே பலத்தில் வருகிறவரை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு கம்பிக்கும் உறை, ஒவ்வொரு பெட்டிக்கும் மூடி, தரைக்கு ஒரு எர்த் கம்பி. முடிந்ததும் சிவப்பு மையில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: "இந்த மோட்டாரை உரிமையாளர் தவிர வேறு யாரும் இயக்கக் கூடாது." உரிமையாளர் என்ற எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

எல்லாம் சரி. ஒரே ஒரு சங்கடம். கயிற்றை இழுத்து மோட்டாரைச் சுழலவிட்டு, எட்டடி தள்ளிச் சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு அவர் ஓடிப் போவதற்குள் மோட்டார் களைத்து நின்றது. ஒரு காலை முழுக்க இழுத்தார், ஓடினார், இழுத்தார், ஓடினார். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்தது. சுவருக்கு மேலே லைன்மேன் எண்ணிக்கொண்டிருந்தார். "பதினாலு... பதினஞ்சு... தம்பி, ஓட்டப் பந்தயத்துக்கா?"

கடைசியில் மைக்ரான் தன்மானத்தை மடித்து வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

"ஒரு நிமிஷம் வர்றியா? நான் கயிறு இழுத்ததும் நீ சுவிட்சைப் போடணும். அவ்வளவுதான். பந்தயத்துல இது சேராது."

வந்தாள். பார்த்தாள். "சுவிட்சைக் கழட்டி மோட்டார் பக்கத்துல வச்சா என்ன?"

ஷெட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அவள் முந்தானையில் குத்தியிருந்த ஊசி ஒன்று நிஜமாகவே விழுந்தது, கேட்டது.

"அதைத்தான்," என்றார் மைக்ரான், "நாளைக்குப் பண்ணலாம்னு இருந்தேன்."

சுவிட்ச் இடம் மாறியது. மறுநாள் காலையில் கயிற்றைத் தண்டில் சுற்றி ஓங்கி இழுத்தார். மோட்டார் "விர்ர்" என்று சுழன்றது. சுவிட்சைப் போட்டார். "ஙொய்" என்று ஒரே சீராகப் பாடத் தொடங்கியது. லேத்தின் சுவிட்சைத் தொட்டார். தொட்டதுதான் தெரியும். பழைய தொழிற்சாலையில் சுழன்ற அதே வேகம், அதே குரல். உளியைக் கொடுத்தார். இரும்பு சுருள்சுருளாக உரிந்து, நீலநிறமாகிக் காலடியில் விழுந்தது. ஆழமாகக் கொடுத்தார். நிற்கவில்லை. இன்னும் ஆழமாகக் கொடுத்தார். அப்போதும் நிற்கவில்லை.

மைக்ரான் லேத்தை அணைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முதலாளிக்காகச் செய்த ஆயிரக்கணக்கான தண்டுகளில் ஒன்றுகூட இப்படி இனித்ததில்லை.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போதே திறப்புவிழா வைத்தார். பம்புக் கடைக்காரர் வந்தார். லைன்மேன் முதன்முறையாகச் சுவரைச் சுற்றி வாசல் வழியாக வந்தார். மனைவி பிஸ்கட்டும் டீயும் கொண்டுவந்து வைத்து, ஓரமாக அடக்கமாக நின்றாள். அந்த அடக்கத்தைப் பார்த்து மைக்ரானுக்கே பாவமாக இருந்தது. தோற்றவர்களை ரொம்ப வாட்டக் கூடாது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டார்.

லேத் ஓடியது. தண்டு தயாரானது. பம்புக் கடைக்காரர் தானே கொண்டுவந்த கருவியால் மூன்று இடத்தில் அளந்து பார்த்தார். பிறகு மைக்ரானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இருபது இல்ல, நாப்பதாப் போடுங்க."

மைக்ரானுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேச எழுந்தார்.

"மும்முனை மின்சாரம் வேணும்னா ஆபீஸ்ல போய் நிக்கணும்னு சொன்னாங்க." லைன்மேன் இருமினார். "என்னால முடியாதுன்னும் சொன்னாங்க. பேர் சொல்ல விரும்பல." எல்லாரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். "இன்னைக்கு இந்த ஷெட்டுக்குள்ள மூணு முனை ஓடுது. இந்த ஷெட்டைத் தவிர இந்தத் தெருவுல வேற எங்கேயும் கிடையாது!"

கைதட்டல். மனைவி மெல்லிய குரலில் கேட்டாள், "என்னங்க, ஒரு சந்தேகம். இந்தச் சும்மா மோட்டார் லேத்துக்கு மட்டும்தான் கொடுக்குமா? வேற மெஷின் மாட்டினா தாங்காது, இல்ல?"

"தாங்காதா?" மைக்ரான் பெரிதாகச் சிரித்தார். "எத்தனை வேணும் கேளு! அரை ஹார்ஸ்பவர் மெஷினா இருந்தா மூணு, நாலு, தாராளமா ஓட்டும். என் மோட்டாரைப் பத்தி என்ன நினைச்சே? எதை வேணாலும் கொண்டா, ஓட்டிக் காட்டுறேன். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன்."

"நீங்க சொன்னா சரிதான்," என்றாள். "நான் தோத்துட்டேன். ஷெட் உங்களோடது."

அன்று மைக்ரான் சாப்பிட்ட சாப்பாட்டின் ருசி தனி.

ரெண்டாம் நாள் காலையில் ஷெட் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து மூன்று இயந்திரங்கள் இறங்கின. பெரிய ஆடை கம்பெனிகளில் வைத்திருக்கும் பவர் மெஷின்கள். ஒவ்வொன்றின் மேஜைக்கும் கீழே ஒரு மோட்டார். ஒவ்வொரு மோட்டாரிலிருந்தும் மூன்று ஒயர் தொங்கியது.

"எங்க இறக்கணும்?" என்று வேன்காரர் கேட்டார்.

"உள்ள, ஷெட்டுல," என்றாள் மனைவி, டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்து.

"ஷெட்டுலயா?" மைக்ரான் குறுக்கே வந்து நின்றார். "ஷெட் என்னோடது! நீதானே சொன்னே?"

"யாரு இல்லைன்னா? உங்க ஷெட்டுதான். ஆனா மூணு முனை இந்த ஷெட்டைத் தவிர வேற எங்கேயும் கிடையாதுன்னு விழாவுல சொன்னது யாரு? மெஷினை நான் சமையலறையிலயா போட முடியும்?"

"அது... நான்..."

"எதை வேணாலும் கொண்டா, ஓட்டிக் காட்டுறேன்னும் சொன்னீங்க. அண்ணே, நீங்க கேட்டீங்கல்ல?"

சுவருக்கு மேலே இருந்த கழுத்து மேலும் கீழும் ஆடியது. மைக்ரான் அதன் பக்கம் திரும்பினார். "அண்ணே, இது எப்ப நடந்த ஏற்பாடு?"

லைன்மேன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவ்வளவு நாளாக இருமலாக வந்தது அன்றைக்குப் பேச்சாக வந்தது.

"தம்பி, போன வருஷமே உங்க வீட்டம்மா பவர் மெஷின் போடணும்னு மூணு முனை லைனுக்கு எழுதிக் கொடுத்தாங்க. மனுவை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இந்தத் தெருவுல ஒரு முனைக் கம்பிதான் ஓடுது, மூணு முனை வர்றதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. நான் இருமி இருமி நெஞ்சு வலி வந்ததுதான் மிச்சம்."

மைக்ரான் மெல்லத் திரும்பினார். "லைன் கிடைக்காதுன்னு தெரிஞ்சேதான் என்னை ஆபீசுக்குப் போகச் சொன்னியா?"

"போகமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. போன வருஷம், பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. வீட்டுக் கரண்ட்ல மூணு முனை மெஷின் ஓட்ட வழி இருக்கான்னு கேட்டேன். நிமிர்ந்துகூடப் பாக்காம, முடியாது போன்னு சொன்னீங்க." அவள் வேனிலிருந்து இறங்கிய மெஷினை முந்தானையால் துடைத்தாள். "செய்ங்கன்னு சொன்னா முடியாதுன்னு சொல்ற ஆளு நீங்க. முடியாதுன்னு சொன்னா செஞ்சுட்டுத்தான் தூங்குவீங்க. அன்னைக்கு ஷெட்டுல இந்த லேத்தைப் பாத்ததும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. உடனே போய் மூணு மெஷினை எனக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லிட்டேன்."

"உடனேவா? நான் அப்ப எதையும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"ஆரம்பிச்சா முடிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மைக்ரான் கோபப்படுவதா, பூரிப்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கோபம் நாற்பது சதவிகிதம்தான் இருந்தது. அளந்து பார்த்தார், அதற்கு மேல் ஏறவில்லை. வேன்காரரோடு சேர்ந்து மெஷினைத் தூக்க அவரே ஒரு கை கொடுத்தார்.

இணைப்பும் அவரே கொடுத்தார். மூன்று பவர் மெஷினும் முதல் தடவையிலேயே ஓடின. பெருமை பிடிபடாமல் லேத்தையும் கூடவே போட்டு உளியைக் கொடுத்தார். வீட்டு ஃபியூஸ் கட்டையோடு தீய்ந்து போனது. வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு முனை மின்சாரம்தானே. மோட்டார் அதைப் பங்கு பிரிக்குமே தவிர, இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? லேத் ஓடினால் தையல் நிற்க வேண்டும், தையல் ஓடினால் லேத் நிற்க வேண்டும்.

பேச்சுவார்த்தை நடந்தது. மைக்ரான் விட்டுக்கொடுக்கவில்லை. பாதி நாள் எனக்கு, பாதி நாள் உனக்கு என்று அடித்துச் சொன்னார். அவளும் ஒப்புக்கொண்டாள். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் லேத். ஒன்பதுக்கு மேல் தையல்.

"இதுவா பாதி நாள்?"

"நீங்க மைக்ரான் கணக்குல வேலை பாக்குறவரு. உங்களுக்கு மூணு மணி நேரம்னா எத்தனை மைக்ரான்! எனக்கு இஞ்ச் கணக்குதானே."

அப்போதைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் புரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மின்சாரம் அடிக்கடி போய்ப் போய் வந்தது. போகும்போதெல்லாம் சும்மா மோட்டார் நின்றுவிடும். வந்ததும் யாராவது கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டும். "நீயே இழுத்துக்கயேன்" என்றதற்கு அவள் சிவப்புப் பலகையைக் காட்டினாள். உரிமையாளர் தவிர வேறு யாரும் இயக்கக் கூடாது. அவளும் அவளிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்களும் சட்டத்தை மதிக்கிறவர்கள்.

அதனால் காலையில் லேத் வேலை முடிந்ததும் மைக்ரான் கை கழுவிக்கொண்டு, ஷெட் வாசலில் ஸ்டூலைப் போட்டு, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனாலும் மனசில் குறை இல்லை. நாற்பது தண்டும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. தெருவிலேயே மூன்றாவது முனைக்குச் சொந்தக்காரர் அவர் ஒருவர்தான். போகிறவர் வருகிறவருக்கு மோட்டாரைக் காட்டி விளக்குவார். ராட்டினக் கதையைச் சொல்வார். பாதிப் புருவம்கூட வளர்ந்துவிட்டது.

ஒருநாள் பத்து மணி வாக்கில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கையில் ஒரு தேய்ந்த இரும்புத் தண்டு. பக்கத்து ஊரில் மாவு மில் வைத்திருக்கிறாராம். பம்புக் கடைக்காரர் சொல்லித்தான் வந்தாராம். "இந்த ஊர்லயே சுத்தமான கடைசல் வேலை இங்கதான்னு சொன்னார்," என்றபடி ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

மைக்ரான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வந்தது.

வந்தவர் அவரை மேலிருந்து கீழே பார்த்தார். மடியில் இருந்த கயிற்றைப் பார்த்தார். உள்ளே வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்.

"ஏங்க, முதலாளி இருக்காங்களா?"

"நான்தாங்க..." என்று மைக்ரான் தொடங்கிய அதே நொடி மின்சாரம் போய், வந்தது. மோட்டார் முனகி நின்றது. உள்ளேயிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"என்னங்க, கயிறு!"

மைக்ரான் எழுந்து, கயிற்றைத் தண்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"உள்ளதான் இருக்காங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க, கூப்பிடுறேன்."